பாதியில் நின்ற மருந்து

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானம் ஒன்று உளது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது, காயம்பட்டோருக்கு உதவச் சல்பா மருந்துகள் இருந்தன. பெனிசிலினோ ஆய்வுகூடத்தை விட்டு அதிக தூரம் வந்திருக்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு பெப்ரவரியில், ஒக்ஸ்போர்ட் நகரில், அல்பேர்ட் அலெக்சாண்டர் என்னும் பொலிஸ்காரருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. முகத்துப் புண்ணில் பற்றிய கிருமி அவருடைய இரத்தத்திற் பரவியிருந்தது. மருந்து ஏற்றியதும் காய்ச்சல் தணிந்தது, பசியும் எடுத்தது. ஐந்தே நாளில் கையிருப்புத் தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் போதவில்லை. எஞ்சிய கிருமிகள் பெருகின. மார்ச்சு மாதம் அவர் உயிர் நீத்தார்.

அன்று மருந்து இல்லாமையால் நின்ற சிகிச்சையை, இன்று பலர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிறுத்திவிடுகின்றனர். காய்ச்சல் விட்டது என்பதனாற் கிருமி ஒழிந்தது என்று ஆகாது. குறைந்த அளவு மருந்து, அதனைத் தாங்கவல்ல கிருமிகளைத் தப்பவிட்டு வளர்க்கும் என்பதைப் பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசுச் சொற்பொழிவில் எச்சரித்தார். நாட்கணக்கு நோய்க்கு நோய் வேறுபடும். காசநோய்க்கு மாதக்கணக்கு வேண்டும். அதனை வரையறுப்பவர் வைத்தியர். தடிமனுக்கு இம்மருந்து வீண். அது வைரசினால் வருவது. அயலவர் மிச்சம் வைத்த மாத்திரையோ ஆபத்தானது. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு ஒரு மாத்திரையே மூச்சை அடைக்கக்கூடும்.

தம்பலகாமத்து வயல்களில் இறங்குவோர் அறிய வேண்டியது மற்றொன்று உண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் வருவது எலிக்காய்ச்சல். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. இதனைத் தடுக்க, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வாயிலாக, டொக்சிசைக்கிளின் என்னும் மாத்திரை உழவர்க்கு வழங்கப்படுகிறது. உணவுண்ட பின், நிறைந்த குவளை நீருடன், நிமிர்ந்திருந்து விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் அது உணவுக்குழாயிற் தங்கிப் புண்ணாக்கும். பாலும் இரும்புச்சத்து மாத்திரையும் அதன் வலிமையைக் குறைப்பன. ஆகையால் அவற்றை ஒருங்கே கொள்ளலாகாது. வெயிலிற் தோல் எளிதிற் கருகும். நீண்ட கைச்சட்டை நன்று. கருவுற்றிருப்போர் அதனை முன்னரே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். மாத்திரை உட்கொண்டவருக்கும் காய்ச்சல் காணக்கூடும். அவ்வேளை, வயலில் இறங்கிய செய்தியை வைத்தியரிடம் முதலிற் கூறுதல் வேண்டும்.