ஜேக்லின் விக்டரும் 'கெமிலாங்' பாடலும்

2004 அக்டோபர் 9. 'மலேசியன் ஐடல்' பாட்டுப் போட்டியின் முடிவு அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரில் இருந்தாலும் ஜெலாப்பாங்கில் இருந்தாலும் குறுஞ்செய்திவழி வாக்களிக்க முடிந்தது. வாகை சூடியவர் மலேசிய இந்தியரான ஜேக்லின் விக்டர்.

அவர் பாட்டுக்குப் புதியவர் அல்லர். பல ஆண்டுகள் கேளிக்கை மேடைகளில் பாடியவர். பேசிக்கொண்டே உண்பவர்களுக்கு முன்னால் பாடுவது எளிதன்று! சொந்தப் பாடல் வெளிவர, 26 வயதுவரை காத்திருந்தார்.

அப்பாடல்தான் 'கெமிலாங்'. மலாயில் இதற்கு 'ஒளிமிக்க' என்று பொருள். இசை ஆப்ரி சுவித்தோ. வரிகள் அஸ்மின் மூடின். மெல்லிய குரலில் தொடங்கும் பாடல் படிப்படியாக உயர்ந்து உச்சத்தை அடையும். அங்கே மூச்சு தளர்ந்தால் உணர்ச்சியும் தளர்ந்துவிடும். மேடை மேடையாகப் பாடிப் பழகிய குரல் தளரவில்லை. 2005ஆம் ஆண்டுக்கான 'அனுகெரா ஜுவாரா லாகு' போட்டியிலும் அப்பாடலே முதலிடம் பெற்றது.