வலிக்காத புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும்

பித்தமல்ல, வறட்சி

குதிகால் வெடிப்பைப் பித்த வெடிப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பாவம், பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. வறண்டு தடித்த தோல், உடல் எடை அழுத்தும்போது விரிந்து கொடுக்க முடியாமல் பிளக்கிறது. இரவில் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ப்யூமிஸ் கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் முழுதும் காயுமுன் வாசலின் தடவிக் காலுறை மாட்டிப் படுங்கள். யூரியா கலந்த களிம்பு இன்னும் நன்றாகக் கேட்கும். அப்படியும் ஆறாவிட்டால் தைராய்டு குறைபாடோ சொரியாசிஸோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேற்றுப்புண்

பெயர்தான் சேற்றுப்புண். நடவு வயலில் நிற்பவருக்கு வருவது போலவே, ஈரக் காலுறையும் ஷூவுமாக நாள் முழுக்க நிற்கும் காவலாளிக்கும் வரும். பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சுண்டுவிரல் இடுக்கில் ஆரம்பிக்கும். கால் கழுவியபின் விரலிடுக்கை ஒற்றித் துடைப்பதே பாதி வைத்தியம். க்ளோட்ரிமசோல் களிம்பு போடுபவர்கள் அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள்; மருத்துவர் சொன்ன நாள்வரை போட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

முதல் அடியில் குத்தும் குதிகால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் சுரீரென்று குத்தும். கொஞ்சம் நடந்தால் குறையும். குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி ஓடும் தசைநார்ப் பட்டை இழுபட்டு நொந்திருப்பதன் அடையாளம் இது. எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்றால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு. இறங்குமுன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள், மூன்று முறை. டைல்ஸ் தரையில் வெறுங்கால் வேண்டாம். வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி முறைப்பார், முறைக்கட்டும்.

கால் ஆணி

ஆணிக்கு வேர் கிடையாது. செருப்பு ஓரிடத்தில் அழுத்துவதால் தோல் இறுகியதுதான். பிளேடால் சீவினாலும் அதே செருப்பைப் போட்டால் திரும்ப வரும்.

வலி போன பாதம்

1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர்களின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் காயத்தின் மேலேயே நடப்பதால்தான் அழிகிறது என்று எடுத்துக்காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நடப்பதும் அதுவே. சித்திரை வெயிலில் பிராகாரம் சுற்றி வந்தவர், மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் கால் சுட்டதையே அறிகிறார்.

இப்படிப் பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு மேலே சொன்ன வெந்நீரும் கல்லும் ஆகாது. ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் அமிலம் இருப்பதால் அதுவும் கூடாது. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கண் மங்கியவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். செருப்பு மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவினால் கல்லோ முள்ளோ அகப்படும். மருத்துவர் எழுதித் தந்தால் மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள். வருடத்துக்கொரு முறை நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள், ஐந்து நிமிட வேலை. கொப்புளமோ கருப்போ சீழோ தெரிந்தால் மஞ்சள் அப்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், துளியும் வலிக்காவிட்டாலும்.