கடைசல் இயந்திரத்தின் நாடி

1964ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. லேத் எனப்படும் கணினிவழிக் கடைசல் இயந்திரங்கள் ஓடும் சிறு பட்டறைகள் பலவாம். வாகன உறுப்புகளை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில் கடைந்து தரும் இவ்வியந்திரத்தின் உயிர்நிலை, ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டு ஆகும். அஃது அதிர்ந்தால் கடைந்த பரப்பில் வரிகள் விழும். செய்த உருப்படிகள் திரும்பி வரும். வங்கிக் கடனில் இயந்திரம் வாங்கியவர்க்கு இது சிறு செய்தியன்று.

அதிர்வு என்றதும் 'பேரிங் போய்விட்டது' எனத் தீர்ப்பெழுதி ஸ்பிண்டிலைக் கழற்றுவோர் உளர். இது தவறான தொடக்கம் என்பதே நம் கருத்து. ஸ்பிண்டில் பேரிங்குகள் இணை சேர்த்து, அளந்த அழுத்தத்துடன் பொருத்தப்படுபவை. தூசு படிந்த கூடத்தில் அவற்றைத் திறப்பதே நல்ல பேரிங்கையும் கெடுத்துவிடக்கூடும்.

இயந்திரத்தை இயக்குபவரின் சொல்லே முதற்சான்று. 'உறுமுகிறது', 'கீச்சிடுகிறது', 'நறநறக்கிறது' என அவர் வேறுபடுத்திச் சொல்வன தமிழ் பயில்வோர்க்கு ஒலிக்குறிப்புச் சொற்கள். பொறி அறிந்தோர்க்கோ மூன்று வேறு நோய்களின் அறிகுறிகள்.

வெட்டாமல் வெறுமனே சுழலும்போது அமைதியும், உளி உலோகத்தைத் தொட்டவுடன் கீச்சொலியும் எழுமாயின், பெரும்பாலும் குற்றம் பேரிங்கினுடையதன்று. பட்டறை வழக்கில் இதற்குச் 'சேட்டர்' என்று பெயர். முன்சுற்றில் உளி விட்டுச்சென்ற அலைமேட்டை அடுத்த சுற்றில் அதே உளி வெட்ட நேர்கிறது. அம்மேடு பள்ளங்களே அதிர்வுக்குத் தீனியாகி அதனை மேன்மேலும் வளர்க்கின்றன. அமெரிக்கப் பொறியியலறிஞர் டெய்லர் 1906ஆம் ஆண்டிலேயே இதனை விளங்குதற்கரிய சிக்கலாகக் கண்டார். ஆயினும் சோதனை எளிதே. உளித்தண்டு பிடிப்புக்கு வெளியே நீளும் அளவு இருமடங்கானால், அதே விசையில் அதன் வளைவு எண்மடங்காகும். உட்துளை கடையும் எஃகுத் தண்டு தன் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நீண்டால் தொல்லை தொடங்கும். நீட்டத்தைக் குறைத்தும் வேகத்தைச் சற்றே மாற்றியும் பார்த்தல் வேண்டும். ஒலி அடங்கிவிடின் ஸ்பேனரைத் தொட வேண்டியதில்லை.

வெற்றோட்டத்திலேயே உறுமினால், வேகத்தோடு அதற்குள்ள உறவை நோக்குதல் வேண்டும். நிமிடத்திற்கு 2,400 சுற்று என்பது நொடிக்கு 40 சுற்று. அதிர்வுமானி 40 ஹெர்ட்சில் உயர்ந்த முகடு காட்டி, வேகம் மாறுந்தோறும் அம்முகடும் உடன் நகர்ந்தால், சுழலும் பகுதியில் எடை சமனின்றி இருப்பதாக ஐயுறலாம். வேகம் இருமடங்கானால் இவ்வகை விசை நான்மடங்காகும். உருப்படியைப் பற்றும் சக்கைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டுக. உறுமல் மறைந்தால் சக்கோ அதன் தாடைகளோ காரணம். இச்சோதனைக்கு 3,000 சுற்று ஏற்றதன்று. அவ்வேகத்தில் வரும் 50 ஹெர்ட்ஸ், நம் மின்வழங்கலின் அலைவெண்ணோடு கலந்து மயக்கும்.

நறநறப்பே பேரிங்கின் குரல். வெளிவளையத்தில் ஒரு வடு இருப்பின், கடக்கும் ஒவ்வொரு பந்தும் அதில் தட்டும். தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் எழும் தட்டுகள், பந்துகளின் எண்ணிக்கையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 20 பந்துகள் எனின் பத்துக்குச் சற்றுக் குறைவு. பொதுவாக முழு எண்ணில் அமையாத இம்மடங்கே பேரிங்கைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். முன்னொரு நாள் உளித்தாங்கி சக்கின்மீது மோதியதுண்டா என்றும் வினவுதல் நன்று. பலர் அதனைச் சொல்லத் தயங்குவர்.

இத்தனைக்கும் முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இயந்திரத்தை அறவே நிறுத்தி அதிர்வுமானியை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் முள் அசைந்தால், அது அடுத்த கூடத்துப் பவர் பிரஸ்ஸின் இடியாகவோ, பட்டரவாக்கம் வழியே செல்லும் இரயிலின் அதிர்வாகவோ இருத்தல் கூடும்.