பக்கம் மாறும் வேளை

விளையாட்டு என்பது இரு சாரார்க்கும் ஒத்த வாய்ப்பை அளித்து, அவர்தம் திறனை அளந்து பார்க்கும் முயற்சியாகும். ஆயின் ஆடுகளத்தின் இரு பாதிகளும் எல்லா வகையிலும் ஒத்திருத்தல் அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசுகின்றது; ஐப்பசிக்குப் பின் வாடை எழுகின்றது. பனைவெளியிலோ கடலோரத்து மணலிலோ கட்டிய கரப்பந்து வலையின் ஒரு புறத்தே நிற்பவனுக்கு முதுகிற் படும் காற்று, மறுபுறத்தே நிற்பவனுக்கு முகத்தில் அறைகின்றது. காற்றோடு பணித்த பந்து எல்லையைக் கடந்து ஓடும். காற்றை எதிர்த்துப் பணித்த பந்து வலையருகே தாழும். மாலையில் மேற்கு நோக்கி நிற்போரின் கண்களில் வெயிலும் விழும். இவ்வேற்றுமையை இரு சாரார்க்கும் பங்கிட்டுக் கொடுக்க எழுந்ததே பக்கம் மாறும் விதி.

கரப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பாரால் வகுக்கப்பட்டது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்தது. 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. எனவே இவ்விதியை ஆராய்தற்கு அதுவே ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

ஆட்டத்திற்கு முன் நாணயம் சுண்டப்படும். அதில் வென்ற அணி, முதற் பணிப்பையோ பக்கத்தையோ தெரிந்தெடுக்கலாம்; எஞ்சியது மற்ற அணிக்கு உரியது. பின்னர் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறுகின்றன. ஆயின் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை ஏற்பட்டு ஐந்தாம் சுற்று வருமாயின், அதற்கு இணையான மறு சுற்று ஒன்று இல்லை. ஆகவே மீண்டும் நாணயம் சுண்டப்படுகின்றது. 15 புள்ளிகள் கொண்ட அச்சுற்றில் ஓர் அணி 8ஆம் புள்ளியைப் பெற்றவுடன் இரு அணிகளும் பக்கம் மாறுகின்றன. இங்கே ஓய்வு இல்லை. வீரர்களின் நிலைகளும் மாறுவதில்லை.

மாற மறந்துவிட்டால் யாது செய்வது? பல ஊர்களிற் பூசலுக்கு வித்தாவது இதுவே. தவறு தெரிந்த அக்கணமே மாற வேண்டும். அதுவரை பெற்ற புள்ளிகள் அப்படியே நிற்கும் என்பதே விதி. எடுத்த புள்ளியை அழிக்கவோ, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கவோ எவர்க்கும் உரிமையில்லை.

ஏனைய ஆட்டங்களும் இக்கருத்தையே வெவ்வேறு அளவுகளிற் கையாளுகின்றன. வலைப்பந்தாட்டத்தில் காற்பகுதி தோறும் மாறுவர். டெனிசில் ஒவ்வொரு சுற்றின் முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களின் பின் என ஒற்றைப்படை ஆட்டம் முடியுந்தோறும் மாறுவர். மேசைப்பந்தாட்டத்தின் இறுதி ஆட்டத்தில் ஒருவர் 5 புள்ளி பெற்றதும், 21 புள்ளி முறையிலமைந்த பூப்பந்தாட்டத்தின் மூன்றாம் ஆட்டத்தில் 11 பெற்றதும் மாற்றம் நிகழும். 1965இல் அமெரிக்காவில் தோன்றி இந்நாளிற் பல நாடுகளிற் பரவிவரும் பிக்கிள்போல் ஆட்டத்திலும், 11 புள்ளிக்கான இறுதி ஆட்டத்தில் 6இலும், 15 புள்ளிக்கான தனியாட்டத்தில் 8இலும் பக்கம் மாறுதல் வழக்கு. பாதியை ஒட்டிய புள்ளியே எல்லைக்கல் என்பது இவ்வெண்களால் விளங்கும்.

எனினும் பாதியில் ஒருமுறை மாறுதல் முழு நீதியாகாது. ஓர் அணி எட்டுக்கு இரண்டு என முந்தியபின் மாறினால், முதற் பக்கத்தில் ஆடப்பட்டவை 10 புள்ளிகளே. எஞ்சியவை அதனினும் கூடவோ குறையவோ அமையலாம். உள்ளரங்கிற் காற்றில்லையாதலால் இது பெருங்குறையன்று. வெளியரங்கிலோ குறை பெரிதாகும். இதனை உணர்ந்தே கடற்கரைக் கரப்பந்தாட்டத்தில், இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி, முதலிரு சுற்றுகளில் 7 புள்ளிக்கு ஒருமுறையும், இறுதிச் சுற்றில் 5 புள்ளிக்கு ஒருமுறையும் மாறுமாறு விதித்துள்ளனர். அம்முறையிற் காற்றின் நன்மையும் தீமையும் ஏறக்குறையச் சமமாகப் பகிரப்படுகின்றன.

குடாநாட்டு ஊர்ப் போட்டிகளை நடத்துவோர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் உண்டு. நேரமின்மையால் 25 புள்ளிக்கு ஒரே சுற்று ஆடுவதாயின், 13இல் மாறுவதா, காற்று மிகுந்த நாளிற் கூட்டுப்புள்ளி 7க்கு ஒருமுறை மாறுவதா என்பதை நாணயம் சுண்டுமுன்னரே இரு தலைவர்களும் அறிய மத்தியஸ்தர் உரத்துச் சொல்லிவிட வேண்டும். வெயிலின் தொல்லை குறைய, களத்தை வடக்குத் தெற்காக அமைத்தலும் நன்று. தோல்வி வந்தபின் காற்றைப் பழிப்பதிற் பயனில்லை. இரு சாராரும் அதே காற்றில் நின்று ஆடினர் என்னும் நிலை இருந்தால், தோற்றவனும் மனம் கசவாமல் வென்றவனின் கையைப் பற்றுவான்.