இசக்கிக்கு ஒரு நாற்காலி

இரவு ஷிப்ட் முடிந்து, ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகளைப் பாருங்கள். கண்ணில் தூக்கம், கையில் செல்போன். அதில் பாதியில் நிறுத்திய ஒரு படம். காலனிப் பிள்ளை, ஊர்ப் பிள்ளை, தெற்கே இருந்து வேலைக்கு வந்த பிள்ளை என எல்லோரும் கலந்து பேசுவது சினிமாவைத்தான். பேய்ப் படம், சண்டைப் படம், காதல் படம் என்று ஆளுக்கொரு ருசி. நாமும் சினிமா பைத்தியம்தான். அதில் வெட்கமில்லை.

"பழைய படத்துல எதுண்ணா பாக்கலாம்?" என்று அப்படி ஒரு தம்பி நம்மிடம் கேட்டார். 'தேவர் மகன்', 'மாமன்னன்' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள் என்றோம். இரண்டிலும் வடிவேலு இருக்கிறார். இடையில் 31 ஆண்டுகள்.

1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மக'னில் வடிவேலுக்குப் பெயர் இசக்கி. பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னதற்காகக் கோயில் பூட்டை உடைக்கிறார். அதற்குத் தண்டனையாக அவர் கை வெட்டப்படுகிறது. பூட்டை உடைக்கச் சொன்னவர் கதாநாயகன். கையை இழந்தவர் துணைப் பாத்திரம். படம் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அது கிராமத்துப் படங்களின் காலம். 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என வரிசையாக வந்தன. ஊர்ப் பெரியவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். கூட்டம் நின்று கேட்கும். அந்தக் கூட்டத்தில் நம் அப்பாவும் பாட்டியும் எங்கே நிற்கிறார்கள் என்று அன்று நாம் தேடவில்லை. உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து விசிலடித்தோம்.

2023 ஜூனில் வந்தது மாரி செல்வராஜின் 'மாமன்னன்'. அந்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்ற பொருளில், கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே இயக்குநர் சொன்னார். இதில் வடிவேலு தனித்தொகுதி எம்.எல்.ஏ. மக்கள் ஓட்டுப் போட்டு வென்றவர். ஆனாலும் தன் கட்சியின் சாதிக்காரப் பிரமுகர் முன்னால் உட்காராமல் நிற்கிறார். மகன் அவரை உட்காரச் சொல்கிறான். அங்கேதான் சண்டை வெடிக்கிறது. நிலத்துக்கோ பணத்துக்கோ வந்த சண்டை அல்ல. ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்வதற்காக வந்த சண்டை. இத்தனை ஆண்டு நம்மைச் சிரிக்க வைத்த முகம், இதில் சிரிக்காமல் நம்மை அழ வைத்தது.

நம் ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். ஆகவே இதை எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் படத்தை எந்த இயக்குநரும் எடுக்கவில்லை.

நாற்காலி சாதியோடு முடிகிற விஷயமும் அல்ல. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010), தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காட்டியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021 செப்டம்பரில். தொழிற்சாலைக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆவது பிரிவே, நின்று வேலை செய்பவர்கள் இடையில் கிடைக்கும் நேரத்தில் இளைப்பாற இருக்கை வசதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. லைனில் நிற்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காண்ட்ராக்ட்டில் இருக்கும் பிள்ளை தெரிந்தாலும் கேட்க முடியுமா?

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, சுங்குவார்சத்திரத்தில் டி.வி., ஃபிரிட்ஜ் என்று உலகத்துக்கே செய்து அனுப்புகிறோம். நம் பிள்ளைகளின் கால்வலியைச் சொல்லும் படம் ஒன்றை நாம் இன்னும் பார்க்கவில்லை. வயல் இருந்த இடத்தில் கம்பெனி வந்த கதை, வாடகைக்கு வீடு கேட்டால் "எந்தத் தெரு?" என்று முதலில் கேட்கும் கதை, எல்லாம் இங்கேயே கிடக்கின்றன. அதை எடுக்கப் போகிறவர் இன்று நம் கல்லூரிகளில் ஏதோ ஒன்றில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அதுவரை ஒன்று செய்வோம். எந்த நடிகரின் படமாக இருக்கட்டும், எந்த வகைப் படமாக இருக்கட்டும், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பார்ப்போம். நிற்பவரின் பக்கம் கேமரா எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கவனிப்போம். பிடித்த நடிகரை இதற்காக வெறுக்க வேண்டியதில்லை. கைதட்டுவதற்கு முன் ஒரு நொடி யோசித்தால் போதும்.

அந்தத் தம்பி இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு வந்தார். "படம் பாத்துட்டு திரும்பிப் பாத்தேன்ணா. நாங்க எல்லாரும் உக்காந்திருந்தோம். அம்மா மட்டும் கதவோரமா நின்னுட்டே பாத்திருக்காங்க" என்றார்.

நம் வீட்டிலும் ஒரு நாற்காலி பாக்கி இருக்கிறது.