முத்துக்கரை முதல் தொடுதிரை வரை

நுழையும்முன்

எழுதுகருவி மாறும்போதெல்லாம் எழுத்துக்கு ஒரு சோதனை நேர்கிறது. ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தபோதும், அச்சிலிருந்து தட்டச்சுக்கு வந்தபோதும் தமிழ் அச்சோதனையைக் கடந்தது. கருவிக்கேற்ப எழுத்தை விட்டுக்கொடுப்பதா, எழுத்துக்கேற்பக் கருவியை அமைத்துக்கொள்வதா என்னும் அதே வினா இன்று தொடுதிரையின்முன் எழுந்து நிற்கிறது. அதற்கான விடையை முத்துக்குளித்துறையிலிருந்து தேடத் தொடங்குகிறது இக்கட்டுரை.

புன்னைக்காயலும் அச்செழுத்தும்

தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் புன்னைக்காயல். முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற இக்கடற்கரைக்குப் பதினாறாம் நூற்றாண்டில் வந்து, தமிழ் கற்று, தமிழிலேயே நூல்கள் இயற்றியவர் போர்த்துக்கீசிய நாட்டுத் துறவியான அண்டிரிக் அடிகளார். தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் இவர் பெயரோடு இணைந்தவை.

இவர் நூல்கள் அச்சேறுவதற்கு முன்பே, 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் நூல் அச்சிடப்பட்டது. அதன் மொழி தமிழ், எழுத்தோ ரோமன். தமிழுக்கெனத் தனி அச்செழுத்துகள் அங்கு இல்லாததால், தமிழ்ச் சொற்கள் அயல் எழுத்தை உடுத்தி வெளிவந்தன. தமிழ் ஒலிகளுக்கு அவ்வெழுத்து போதவில்லை. லகர, ளகர, ழகர வேறுபாட்டையும், ரகர, றகர வேறுபாட்டையும் காட்ட அதில் தனித்தனி எழுத்துகள் இல்லை.

பின்னர்க் கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், பதினாறு பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அந்நூல் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாக அறிஞர் பலர் கருதுவர். இவ்வச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் பொருளுதவி செய்தனர். கடலில் மூழ்கி ஈட்டிய பொருளின் ஒரு பகுதி தமிழ் எழுத்தாக மாறிற்று.

தட்டச்சுப்பொறியின் நெருக்கடி

தமிழ் எழுத்துகள் 247. அச்சுக்கோப்பவர்முன் எத்தனை அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டியையும் வைக்கலாம். தட்டச்சுப்பொறியில் அது இயலாது. பத்து விரல்கள் எட்டும் எல்லைக்குள் எல்லாம் அடங்கவேண்டும்.

இந்நெருக்கடிக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா. மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் பணியாற்றிய அவர், தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசைப்பலகையை வடிவமைத்தார். மேல்விலங்கு போன்ற குறிகளுக்கு 'நகரா விசை' என்னும் முறையைக் கையாண்டார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் பதிந்து, இரண்டும் ஓரெழுத்தாகும். உயிர்மெய் என்னும் தமிழின் இயல்பு இவ்வாறு இயந்திரத்திற்குள் இடம்பெற்றது.

தமிழ்99

கணினி பரவியபோது பல்வேறு விசைப்பலகைகள் தோன்றின. ஒன்றைப் பழகியவர் மற்றொன்றில் தடுமாறினார். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட்99' மாநாட்டைத் தொடர்ந்து, 'தமிழ்99' என்னும் அமைப்பைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது.

உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் இலக்கண நெறியே இதன் அடிப்படை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆகிய 31 விசைகளே போதும். உயிர்கள் இடக்கைப் பக்கமும், மெய்களுள் மிகப்பல வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அகர, இகர, உகரங்களும், ககர, பகர, மகர, தகர, நகரங்களும் விரல்கள் இயல்பாக அமரும் நடுநிரையில் உள்ளன. மிகுதியாகப் பயன்படும் எழுத்துக்கு மிகக் குறைந்த உழைப்பு என்பதே இதன் நோக்கம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்99 அமைப்பில் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்து தானே புள்ளி பெறும். 'முத்து' என எழுத ம, உ, த, த, உ என ஐந்து அழுத்தங்கள் போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே அமையும். 'பந்து' என எழுத ப, ந, த, உ என்னும் நான்கு அழுத்தங்களே தேவை.

கண்ணாடியில் விரல்கள்

தொடுதிரை, விரல்களுக்குப் புதிய சிக்கலை உண்டாக்கியது. விசைகள் தனித்தனியே உயர்ந்து நிற்கும் பலகையில் விரல்களைப் படியவைத்து இளைப்பாறலாம், விரலே இடமறியும். கண்ணாடித் திரையில் விரல் பட்டாலே எழுத்து விழும். எனவே கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. கண்கள் விசையையும் எழுத்தையும் மாறிமாறித் தேடுகின்றன. தோளும் மணிக்கட்டும் விரைவில் சோர்கின்றன. தமிழ்99 அமைப்பில் ஒரு நிரையில் பத்துக்கும் மேற்பட்ட விசைகள் வருவதால் ஒவ்வொன்றின் அகலமும் குறைகிறது.

இச்சிக்கலைத் தணிக்கும் வழிகள் டேப்லெட் எனப்படும் கைக்கணினியிலேயே உள்ளன. கருவியை மேசைமேல் கிடைமட்டமாகத் திருப்பி வைத்தால் விசைகள் அகன்று இரு கைகளுக்கும் இடம் கிடைக்கும். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுபவருக்கு அவ்வகலமே தடை. பெருவிரல்கள் நடுவிசைகளை எட்டமாட்டா. அவர்கள் விசைப்பலகையை இரண்டாகப் பிரிக்கும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். சுருக்கி மிதக்கவும் விடலாம். ஐபேடில் விசைப்பலகையின்மீது இரு விரல்களை வைத்துக் குவித்தால் அது சுருங்கி மிதக்கும். விரல்களை விரித்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆண்ட்ராய்டு கருவிகளில் ஜிபோர்டு போன்ற செயலிகளின் அமைப்புகளுக்குள் சென்று விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு கைக்கு ஏற்ப ஓரமாக ஒதுக்கலாம்.

விசையை அழுத்தும்போது மெல்லிய அதிர்வோ ஒலியோ எழுமாறு அமைத்தால், கண்ணின் வேலையில் ஒரு பகுதி குறையும். நீண்ட அழுத்தத்திற்கான நேரத்தைச் சற்றுக் கூட்டினால், மெதுவாக எழுதுவோருக்கு வேண்டாத எழுத்துகள் தோன்றா. பிழை திருத்தவேண்டிய இடத்தை விரலால் தொட்டுத் தேடுவதைவிட, இடைவெளி விசையின்மேல் விரலை நகர்த்திச் சுட்டியை அங்குக் கொண்டுசெல்வது பல கருவிகளில் எளிது.

கருவியைத் தட்டையாக வைத்தால் கழுத்து வளையும். செங்குத்தாக நிறுத்தினால் மணிக்கட்டு மடங்கும். தாழ்வான சாய்வே இரண்டுக்கும் நடுவான நிலை. பல பக்கங்கள் எழுதவேண்டியவர், கருவியைக் கண் மட்டத்திற்கு உயர்த்தித் தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்வது உடலுக்கு நலம் தரும்.

எளிமையே காவல்

இவையெல்லாம் சிறு திருத்தங்களே. எனினும் இவற்றின் பயன் உடல்நலத்தோடு முடிவதில்லை. தமிழில் எழுதுவது கடினம் என்று கருதும் பலர், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளால் தட்டி அனுப்புகின்றனர். 1554இல் லிஸ்பனில் நேர்ந்ததே கைப்பேசித் திரைகளில் மீண்டும் நிகழ்கிறது. அன்று அச்செழுத்து இல்லை என்பது காரணம். இன்றோ எழுத்து ஒவ்வொரு கருவியிலும் உள்ளது. அதனை விரலுக்கு இசைவாக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டுமே இல்லை.

அயல் எழுத்தில் 'palam' என்று எழுதினால் பழமா, பலமா என்னும் ஐயம் எழும். தமிழ் எழுத்தில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. தம் எழுத்தைத் தாமே வார்க்கவேண்டிய காலத்தில் முத்துக்குளித்துறை மக்கள் அதற்குப் பொருள் அளித்தனர். இன்று கேட்கப்படுவது பொருள் அன்று. அமைப்புகளைத் திறந்து சில நிமிடங்களும், தமிழ்99 பழகச் சில நாள்களும் மட்டுமே. எழுதுவதற்கு எளிதாக இருக்கும் எழுத்தே மக்களின் கையில் நிலைக்கும்.

கற்பவை கற்றபின்…

1. 'புன்னைக்காயல்' என்னும் சொல்லைத் தமிழ்99 முறையில் எழுதத் தேவைப்படும் விசைகளை வரிசைப்படுத்துக.

2. கைக்கணினியிலோ கைப்பேசியிலோ விசைப்பலகையின் உயரத்தை மாற்றி, ஒரே பத்தியை இருமுறை எழுதுக. எடுத்துக்கொண்ட நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.