புனர்வாழ்வு சிகிச்சை வேலை: எங்கே தேடுவது, சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது?

முகாமில் இருந்த காலத்தில் உங்களில் சிலர் கால் இழந்தவர்களுக்கு ஊன்றுகோல் பிடித்து நடக்கப் பழக்கினீர்கள். சிலர் படுக்கையில் கிடந்த முதியவர்களின் கைகால்களை மடக்கி நீட்டிவிடக் கற்றுக்கொண்டீர்கள். இன்னும் சிலர் இடம்பெயர முன்னரே வைத்தியசாலைகளில் இந்த வேலையைச் செய்தவர்கள். இப்போது ஊர் திரும்பியபின், இதை நம்பிக் குடும்பத்தைப் பார்க்கலாமா என்று யோசிப்பீர்கள். பார்க்கலாம். ஆனால் வேலையை ஏற்கமுன் சம்பளத்தைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும்.

"புனர்வாழ்வு" என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்களில் வேறு பொருளும் உண்டு. இங்கே நாம் சொல்வது, காயத்தாலோ நோயாலோ இயக்கம் குறைந்தவர்கள் தம் அன்றாட வேலைகளை மீண்டும் தாமே செய்ய உதவும் சிகிச்சையை மட்டுமே.

யாருக்கு எந்த வேலை?

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகிய பதவிகளுக்கு முறையான டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவும் வேண்டும். அரச வைத்தியசாலைகளுக்கான பயிற்சிக்கு ஆட்களைச் சேர்க்கும் அறிவித்தல் வர்த்தமானியில் வரும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதைக் கவனித்துவரச் சொல்லுங்கள். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பும் உண்டு.

முகாமில் பழகியவர்கள் அந்த அனுபவத்தை வைத்து இயன்மருத்துவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் சமூகமட்டப் புனர்வாழ்வுத் தொண்டர், சிகிச்சை உதவியாளர், செயற்கை அவயவ நிலையப் பணியாளர் போன்ற வேலைகளுக்கு அந்த அனுபவம் பெறுமதியானது. இவற்றைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமும், மாவட்ட வைத்தியசாலையிலும், உங்கள் பகுதியில் வேலைசெய்யும் நிறுவனங்களின் அறிவித்தல் பலகைகளிலும் விசாரியுங்கள்.

சான்றிதழ் தொலைந்துவிட்டதா?

சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளின் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தேவை. சுட்டெண் நினைவில் இல்லையென்றால் படித்த பாடசாலையின் அதிபரைக் கேட்டுப் பாருங்கள். முகாமில் உங்களுக்குப் பயிற்சி தந்த நிறுவனத்திடம், என்ன வேலையை எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அவர்கள் திட்டத்தை முடித்துப் போகமுன் கேட்பது நல்லது.

இரண்டு வேலைகள், ஒரு கணக்கு

கணக்கு இலகுவாக இருக்க ஓர் உதாரணம் எடுப்போம்.

முதல் வேலையில் அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபா, பயணப்படி 5,000 ரூபா. அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதமான 2,000 ரூபா ஊழியர் சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படும். கைக்கு வருவது 28,000 ரூபா. தொழில்கொள்வோர் தம் பணத்தில் 12 வீதம், அதாவது 3,000 ரூபாவைச் சேமலாப நிதிக்கும், 3 வீதம், அதாவது 750 ரூபாவை ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்டுவார்.

இரண்டாவது வேலையில் "மாதம் 30,000 ரூபா, வேறொன்றும் இல்லை" என்கிறார்கள்.

கையில் வாங்கும்போது இரண்டாவது வேலையில் 2,000 ரூபா கூடுதல். ஆனால் முதல் வேலையில் ஒவ்வொரு மாதமும் 5,750 ரூபா உங்கள் பெயரில் சேருகிறது. ஒரு வருடத்தில் அது 69,000 ரூபா. இரண்டாவது வேலையில் அது இல்லை.

தொழில்கொள்வோரின் 12 வீதத்தையோ 3 வீதத்தையோ உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. ஒரேயொரு ஊழியரை வைத்திருப்பவரும் பொதுவாகச் சேமலாப நிதி கட்ட வேண்டும். சிறிய தரும நிறுவனங்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சந்தேகம் என்றால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். முறைப்பாடும் அங்கேயே செய்யலாம். அரச சேவையில் நிரந்தர நியமனத்துக்கு ஓய்வூதிய ஏற்பாடுகள் வேறு.

கையொப்பமிட முன் கேளுங்கள்

- தருவது சம்பளமா, தொண்டர் கொடுப்பனவா? கொடுப்பனவு என்றால் சேமலாப நிதி கிடைக்காமல் போகலாம்.
- ஒப்பந்தம் எத்தனை மாதம்? திட்டம் முடிந்தால் வேலையும் முடியுமா?
- வீடுவீடாகப் போகும் வேலையா? மோட்டார் சைக்கிளும் எரிபொருளும் யாருடைய செலவு? அது உங்கள் செலவு என்றால், மேலே சொன்ன 28,000 ரூபாவிலிருந்து அதையும் கழித்துப் பாருங்கள்.
- சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எப்போது தருவார்கள்?

ஒப்பந்தம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், வாசித்துச் சொல்ல ஒருவர் கிடைக்கும்வரை ஒப்பமிடாதீர்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

பழைய பணம்

இடம்பெயர முன் எங்காவது சேமலாப நிதியுடன் வேலை செய்திருந்தால், அந்தப் பணம் அழிந்துபோகவில்லை. அது மத்திய வங்கியின் பொறுப்பில் உங்கள் பெயரில் இருக்கும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறலாம். வேலை செய்தவர் இறந்திருந்தால், அவர் நியமித்தவரோ சட்டபூர்வ உரித்தாளரோ கோரலாம். அடையாள அட்டை இலக்கம், வேலைசெய்த இடம், ஆண்டு ஆகியவற்றுடன் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். மரணச் சான்றிதழ் இன்னும் எடுக்காத குடும்பங்கள் முதலில் கிராம அலுவலரைச் சந்தியுங்கள். உங்கள் கணவரோ மகளோ உழைத்துச் சேர்த்த பணம் அது. கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.